இடது கையால் இரண்டு தட்டு

பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குத் துப்பாக்கியைக் கழற்றச் சொல்லித் தருவான், மாட்டச் சொல்லித் தருவான், போர்வையை எப்படி மடிப்பது என்றுகூடச் சொல்லித் தருவான். வீட்டில் விட்டுவந்த நாயை என்ன செய்வது என்று மட்டும் எவனும் சொல்லித் தரமாட்டான். அதை அவனவன் தானாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் படித்தேன். தப்பாகப் படித்தேன்.

வீட்டில் நாயோ பூனையோ மைனாவோ விட்டுவிட்டு ரயில் ஏறினவர்கள் இதைப் படித்தால் போதும். உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்கள் படித்தால், ஒரு நாய்க்கு இத்தனை கூத்தா என்று கேட்பார்கள். ஆமாம், இத்தனை கூத்துதான்.

தாம்பாளம்

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மடவார் வளாகத்துக்குப் பின்னால் வீடு. அம்மா இல்லை. அய்யாவும் நானும், ஒரு ஜோடி மாடும், ஒரு வண்டியும். பருத்திப் பொதியை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போவது, வெறும் வண்டியோடு திரும்புவது. அதுதான் பிழைப்பு.

ராஜபாளையத்தில் நான் பொதி இறக்குகிற வீட்டு ராஜூ, பன்றி வேட்டைக்குப் போகிறவர். வெள்ளை நாய் வளர்ப்பவர். அந்த ஊர் நாயைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ஈத்துக்கு ஒன்றிரண்டு செவிடாகப் பிறக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர் வீட்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். குட்டிகள் பால் குடிக்கிறபோது பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கித் தட்டுவார்கள். காது கேட்கிற குட்டி சிதறி ஓடும். கேட்காதது குடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒன்று ஓடவில்லை. மற்றதெல்லாம் ஓடினது நல்லதாயிற்று என்று எல்லாக் காம்பையும் அதுவே குடித்தது.

செவிட்டுக் குட்டி வேட்டைக்கு ஆகாது. அதை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்குள் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். உள்ளே சிரித்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்:

"கூப்பிட்டா வராது. ஆனா ஒண்ணு, இடி விழுந்தாலும் ஒன்னை விட்டுட்டு ஓடாது."

இரண்டே வார்த்தை

பேர் வைக்கவில்லை. கேட்காத நாய்க்குப் பேர் எதற்கு. ஆறு மாதத்தில் கன்றுக்குட்டி உயரம் வந்துவிட்டது. வண்டி ஓடும்போது அச்சுக்கு அடியில், நிழலில், கூடவே ஓடிவரும். நான் முன்பக்கம் இடது ஓரமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவேன். வலது கையில் கயிறும் தார்க்குச்சியும். இடது கை சும்மா கிடக்கும். அடியிலிருந்து பார்க்கிற நாய்க்கு என்னில் தெரிவது அந்தக் கையும் காலும்தான். அதனால் அந்தக் கையாலேயே அதற்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினால், இரு. தொடையில் இரண்டு தட்டு தட்டினால், எழுந்து வா.

வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 'இரு' என்று காட்டிவிட்டால், இரண்டு தட்டு விழாமல் எழாது. ஒரு நாள் வன்னியம்பட்டி விலக்கில் மோர் குடிக்க இறங்கினேன். நாயை ரோட்டிலேயே இருக்கச் சொன்னேன். பேச்சு வாக்கில் அதை மறந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். ஞாபகம் வந்து ஓடிவந்து பார்த்தால், நடுரோட்டில் மகாராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் நாலு வண்டி, அந்தப் பக்கம் மூன்று வண்டி, ஒரு பஸ். பஸ்காரர் ஆரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஓய், ஒம்ம நாய் வழி விடுமா, இல்ல நான் புது ரோடு போட்டுக்கிடணுமா?"

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

புதுப்பெண்

அடுத்த வருஷம் கல்யாணம். சர்ச்சில் தாலி கட்டி, வண்டியிலேயே கூட்டிவந்தேன். பெண் சலோமி, பிளவக்கல் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்தவள். மலையடிவாரத்தில் பிறந்தவள், கரடிக்குப் பயப்படமாட்டாள். நாய்க்குப் பயப்படுவாள். அது எங்களோடு வண்டிக்கு அடியில் வந்ததே அவளுக்குத் தெரியாது.

வாசலில் இறங்கினால், நாய் முந்திக்கொண்டு போய் நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொண்டது. அய்யா ஆரத்தித் தட்டோடு உள்ளே நிற்கிறார், இவள் மாலையோடு வெளியே நிற்கிறாள். தாண்டிப் போ என்றேன். மாட்டேன் என்றாள். செத்த நேரம் அப்படியே நின்றோம். நான் தொடையில் தட்டினேன். நாய் எழுந்து என் பக்கம் வந்தது. இதற்குப் போய் இத்தனை பயமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க வீட்டுல இல்லாத அன்னிக்கு நான் என்ன செய்வேன்?"

ஆள் எடுப்பு

மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. பருத்தி இல்லை. மாட்டில் ஒன்று செத்தது, இன்னொன்றை விற்றேன். அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மேஜை போட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். போய் வரிசையில் நின்றேன்.

டாக்டர் நெஞ்சைத் தட்டினார், பல்லைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னால் எதையோ 'டங்' என்று தட்டினார். திரும்பிப் பார்த்தேன். பாஸ். எனக்கு ராஜூ வீட்டுத் தாம்பாளம் ஞாபகம் வந்தது. அடுத்த மேஜையில் குமாஸ்தா, வீட்டில் யார் யார் என்று கேட்டார். அய்யா, பெண்சாதி, நாய் என்றேன். நாயை எழுத இடமில்லை, வேண்டுமானால் அதையும் பட்டாளத்தில் சேர்த்துவிடும் என்றார். அதற்குக் காது கேட்காது என்றேன். அவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"செவிடா? அப்ப ஆபீசர் வேலைக்குத்தான் லாயக்கு."

திருத்தங்கல் தாண்டி

ரயில் ஏற்றிவிட அய்யா வந்தார், சலோமி வந்தாள், நாய் வந்தது. சலோமிக்கு அப்போது மூன்று மாதம். வலது கையில் பெட்டி. ரயில் வந்து நின்றதும் நாயும் என்னோடு ஏறப் பார்த்தது. இடது உள்ளங்கையைக் காட்டினேன். பிளாட்பாரக் கோடியில் ஒரு விளக்குக் கம்பம். அதனடியில் போய் உட்கார்ந்தது. வண்டி நகர்ந்தது. சலோமியைப் பார்த்தேன், அய்யாவைப் பார்த்தேன், கட்டுச்சோறு இருக்கிறதா என்று பைக்குள் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

திருத்தங்கல் தாண்டும்போது என் இடது கை தொடைமேல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. இரு என்று சொல்லிவிட்டு, எழுந்து வா என்று சொல்லாமல் வந்துவிட்டேன். எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் என்னைப் போலவே பட்டாளத்துக்குப் போகிற சாத்தூர்க்காரர் ஒருவர். என்ன என்று கேட்டார். சொன்னேன். இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இப்ப இறங்கினா ஓடிப்போனவன்னு புடிச்சு அடைப்பான். நாய் பசிச்சா எந்திரிச்சுப் போயிரும்வே, அதுக்கு என்ன கிறுக்கா?"

முதல் கடிதம்

அதற்குக் கிறுக்குத்தான்.

பெங்களூர்ப் பக்கம் ஒரு முகாமில் எங்களைப் பழக்கினார்கள். ஒரு மாதம் கழித்துச் சலோமியின் கடிதம் வந்தது. நாய் கம்பத்தடியை விட்டு வீட்டுக்கு வரவில்லை. என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயில் சொட்டுவதைப் போய்க் குடித்துவிட்டு, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சலோமி தினம் கஞ்சி கொண்டுபோய், எட்ட நின்று, நீளக் கம்பால் சட்டியைத் தள்ளிவிடுகிறாள். அய்யா கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தார். கயிற்றைக் கடித்துவிட்டுத் திரும்பவும் ஸ்டேஷனுக்கே போய்விட்டது.

கடிதத்தின் கடைசியில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"எசமானைத் தேடி ஏங்குதுன்னு ஊரே உச்சுக் கொட்டுது. எனக்குத் தெரியும், நீங்க தட்ட மறந்துட்டீக."

தொடை

பதில் எழுதினேன். போய் முன்னால் நின்று தொடையில் இரண்டு தட்டு தட்டு, வந்துவிடும், இதற்குப் போய் ஒரு கடிதமா என்று எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. சலோமி தட்டினாள். நாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அய்யா தட்டினார். போர்ட்டர் தட்டினார். டிக்கெட் வாங்க வந்தவர்கள் தட்டினார்கள். ஒரு நாள் காலையில் பிளாட்பாரத்தில் பதினைந்து பேர் வரிசையாக நின்று தொடையைத் தட்டியிருக்கிறார்கள். இவளுக்குத் தொடை கன்னிப்போனதுதான் மிச்சம்.

அந்த வருஷம் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம், தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்று எல்லா ஸ்டேஷனிலும் ஒரே பயம். பார்வையிடப் பெரிய ரயில்வே ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. கம்போடு பக்கத்தில் போகிறவர்களை நாய் பல்லைக் காட்டி விரட்டுகிறது. முனிசிபாலிட்டி ஆட்கள் தெருநாய்க்குக் கறியில் விஷம் வைக்கிற காலம் அது. ஸ்டேஷன் மாஸ்டர் சலோமியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"எனக்கு ஒங்க நாய்மேல பகை இல்லம்மா. பத்தாம் தேதி ஆபீசர் வாரார். ஒம்பதாம் தேதி பொழுது சாயறதுக்குள்ள அது போகலேன்னா, முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிட்டுருவேன்."

கருப்பன்

இதற்கு நடுவே முகாமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்களைப் பழக்கின ஹவில்தாருக்கு வலது கைதான் கை. சலாம் வலது கை, குண்டு எறிவது வலது கை, துப்பாக்கிக் குதிரை வலது கை. இடது கை முந்திக்கொண்டு அசைந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். நான் நிறைய ஓடினேன். இரண்டு மாதத்தில் எனக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முகாமில் நாய் பூனை வளர்க்கத் தடை. சமையல்காரர் பீர் முகமது அண்ணன் கடையநல்லூர்க்காரர், தடைக்கெல்லாம் கட்டுப்படுகிறவர் இல்லை. ஒரு கருப்புத் தெருநாய்க்கு மிச்சம் மீதி போட்டு வளர்த்தார். பகலில் அதை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். தினம் சாயங்காலம் நான் போய்த் தொடையில் தட்டிக் கூப்பிட்டால் வந்து ரொட்டி தின்னும். ஒரு நாள் ஹவில்தார் சோதனைக்கு வந்துவிட்டார். எல்லாச் சட்டியையும் பார்த்தார். விறகையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கருப்பனின் பின்பாதி வெளியே இருந்தது. போகும்போது பீர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்:

"அந்த விறகு வாலை ஆட்டுது. அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்கோ."

படம் போட்ட கடிதம்

சலோமியின் இரண்டாவது கடிதம் என் கைக்கு வந்தது மாதம் பிறந்து முதல் தேதி. எழுத்தில் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, படம் போட்டேன். வட்டம் போட்டால் தலை, கோடு போட்டால் கை. கை விரித்த ஆள், கை மடக்கிய ஆள், தொடை தட்டுகிற ஆள், கை எங்கேயிருந்து எங்கே போகிறது என்று காட்டப் புள்ளிக்கோடு, அம்புக்குறி. மொத்தம் எட்டுப் படம். கீழே, ஸ்டேஷனில் இருப்பதை ஒன்பதாம் தேதிக்குள் கிளப்பிவிடு என்று எழுதினேன். யுத்த காலத்தில் நாங்கள் எழுதுகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அது எனக்குத் தெரியும். அதை யோசிக்கவில்லை.

ஐந்தாம் தேதி ஜமேதார் கூப்பிட்டனுப்பினார். வேலூர்ப் பக்கத்து மனிதர், எங்களுக்கும் வெள்ளைக்கார காப்டனுக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். மேஜையில் என் கடிதம், அதற்குப் பின்னால் காப்டன். நாலு நாளாகக் கடிதம் அங்கேயே கிடந்திருக்கிறது. யாருக்குச் சைகை அனுப்புகிறாய், ஒன்பதாம் தேதி எந்த ஸ்டேஷனில் என்ன நடக்கப்போகிறது என்று ஜமேதார் கேட்டார். நாய் என்றேன். நாயா என்றார். முழுக்கதையும் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவருக்கே வெட்கமாக இருந்தது. காப்டன் செய்து காட்டச் சொன்னார். காட்டலாம், ஆனால் நாய் வேண்டும் என்றேன். ஜமேதார் என்னை ஒரு முறை முறைத்தார். நாய்க்குப் பதிலாகப் பீர் அண்ணனைக் கூட்டிவந்து மேஜைக்கு அடியில் உட்காரவைத்தார்கள். நான் உள்ளங்கையைக் காட்டினேன். தொடையில் இரண்டு தட்டு தட்டினேன். பீர் அண்ணன் எழவில்லை. ஜமேதார் அதட்டினார். அப்போதும் எழவில்லை. கருப்பனைக் கூப்பிடுகிற கை இது இல்லையே என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

கையைப் பார்த்தேன். வலது கை. எட்டுப் படத்திலும் வலது கை. காப்டனுக்கு எதிரில் நிற்கும்போது வேறு எந்தக் கை வரும்? நான் முதலில் போட்ட பதிலிலோ எந்தக் கை என்றே எழுதவில்லை, அவளும் சோற்றுக் கையால் தட்டியிருப்பாள். இடது கையால் இரண்டு தட்டு தட்டினேன். பீர் அண்ணன் வெளியே வந்தார். காப்டன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். காது தொங்குகிற நாய் ஒன்று, பக்கத்தில் ஒரு கிழவியம்மா. அவருடைய அம்மாவாம். நாய் இவர் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். காலண்டரைப் பார்த்தார். இனி கடிதம் போட்டால் பத்தாம் தேதிக்கு மேல்தான் போகும். காகிதத்தில் ஏதோ எழுதி ஜமேதாரிடம் நீட்டினார். ஜமேதார் படித்தார். என்னைப் பார்த்தார்.

"துரை தந்தி கொடுக்கச் சொல்றார். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. என் பொண்டாட்டிக்கே நான் ஒரு தந்தி கொடுத்ததில்லை."

தந்தி

பட்டாளத்துக்காரன் வீட்டுக்குத் தந்தி வந்தால் அன்றைக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் தெருவுக்குள் தந்திச் சேவகர் சைக்கிளைத் திருப்பினதுமே பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டதாம். அய்யா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உறையைப் பிரிக்குமுன்னே இரண்டு பேர் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். தந்தி இங்கிலீஷில் இருந்தது. சலோமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்த ஆள் என்று அவளுக்குப் பழக்கமானவர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவே அவள் பின்னால் நடந்தது. தந்திக் கம்பி அறுப்பும் நடந்த காலம், வந்துசேரவே தேதி எட்டு ஆகிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாய், இடது கை, இரண்டு தட்டு, அம்புட்டுத்தான் எழுதியிருக்கு என்றார். சலோமி தந்தியை வாங்கி மடித்துக்கொண்டாள். நேரே கம்பத்தடிக்குப் போனாள். அதுவரை கம்பு நீளத்துக்குக் குறைந்து அவள் அந்த நாய்ப்பக்கம் போனதில்லை. அன்றைக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்று, இடது கையால் இரண்டு தட்டு தட்டினாள். நாய் அவள் கையைப் பார்த்தது. எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. வந்து அவள் முழங்காலில் சாய்ந்து நின்றது. அவள் அழுதது அப்போதுதானாம்.

கடைவீதி வழியாக அவள் முன்னால், நாய் அவள் காலடியில், ஒப்பாரி வைத்தவர்கள் பின்னால். அன்றையிலிருந்து அதற்கு ஊரில் பேர் தந்தி. ஆனால் சலோமி ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போதே பின்னால் கூப்பிட்டது ஒரு குரல். நாய் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து கூட்ஸ் ஷெட்டில் ஒரு மூட்டையும் களவு போகவில்லையாம். ஸ்டேஷன் மாஸ்டர் வெறும் கம்பத்தடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, ஆபீசர் வந்துட்டுப் போன பொறவு அது வருமா?"

சத்தமில்லாத வேலை

அதற்கப்புறம் பர்மாப் பக்கம் அனுப்பினார்கள். ஊருக்கு வர இரண்டு தடவை லீவு எழுதி, இரண்டு தடவையும் ரத்து. காட்டுக்குள் வரிசையாகப் போக வேண்டும், வாய் திறக்கக் கூடாது. நில், படு, வா எல்லாம் கை ஜாடைதான். மற்றவர்கள் ஜாடையைப் பார்த்துவிட்டு, என்ன என்று வாயால் கேட்டுவிடுவார்கள். நான் கேட்டதில்லை. நில் என்றால் நிற்பேன். வா என்று காட்டாதவரை நிற்பேன். ஒரு தடவை எல்லாரும் பின்வாங்கின பிறகும், எனக்கு யாரும் காட்டவில்லை என்று ஒரு மூங்கில் புதரடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முகாமில் எங்களைப் பழக்கின அதே ஹவில்தார்தான் தேடிவந்தார். இத்தனை ஒழுங்காகக் கை ஜாடை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் ஒரு நாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன், அதனிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்றேன்.

"அந்த நாயையே அனுப்பியிருக்கலாமே. சோறாவது மிச்சம்."

வீட்டு நிலவரம்

பெண் பிறந்த செய்தி எனக்கு ஏழு வாரம் கழித்து ஈரக் காகிதத்தில் வந்தது. ரூத் என்று பேர். அதற்குப் பின் வந்த கடிதங்களில் எனக்கு நலம் விசாரிப்பு இரண்டு வரி, தந்தியைப் பற்றி இரண்டு பக்கம். தந்தி தொட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. பிள்ளை எத்தனை வீறிட்டாலும் எழாது. அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற ஜீவன் அது ஒன்றுதான். பிள்ளை இடுப்பில் இருந்தாலும், கையில் கரண்டி இருந்தாலும், சலோமி இடது கையை மட்டும் காலியாக வைத்துக்கொள்கிறாள்.

அய்யாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. கத்திக் கத்தித் தொண்டை போகிறது என்று சலோமி அவருக்கும் ஜாடையை ஆரம்பித்துவிட்டாள். ஒரு கடிதத்தின் ஓரத்தில், அய்யா சொல்லச் சொல்ல அவளே எழுதியிருந்தாள்:

"ஏலே, ஒம் பொண்டாட்டி எனக்கும் உள்ளங்கையக் காட்டுதா. நானும் உக்காந்திருதேன்."

வாசல்

யுத்தம் முடிந்து, அதற்கப்புறமும் பல மாதம் உட்காரவைத்துவிட்டுத்தான் விட்டார்கள். வருகிறேன் என்று எழுதவில்லை. எழுதினால் கடிதம் எனக்குப் பின்னால் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். விளக்குக் கம்பம் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். நடந்தேன். வழியெல்லாம் எனக்கு இருந்தது ஒரே கேள்வி. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?

நிலைப்படியில் குறுக்கே படுத்திருந்தது. தடித்திருந்தது, காது ஓரம் கிழிந்திருந்தது. பூட்ஸ் சத்தம் அதற்குக் கேட்காது. நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி, பல்லைக் காட்டியது. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். மூன்று வயதுக்கு மேல். நாய்க்கு இடது உள்ளங்கையைக் காட்டினாள். உட்கார்ந்தது. அதே உள்ளங்கையை என் பக்கம் திருப்பினாள். நின்றேன். நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோளில் மூட்டையோடு நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கவில்லை.

சலோமி குடத்தோடு தெருக்கோடியில் வந்தாள். என்னைப் பார்த்தாள். நடை நின்றது. நாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், பிள்ளையின் கையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். குடத்தை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரலைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள்:

"ரூத்து, ரெண்டு தட்டு தட்டும்மா. அவிய ரொம்ப வருசமா நிக்காக."

பிள்ளை தட்டினாள். நாய் எழுந்து வந்து என் இடது கையை மோந்து பார்த்துவிட்டு முன்னால் உள்ளே போயிற்று, நான் பின்னால் போனேன்.

பட்டாளத்தில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ உத்தரவு போட்டார்கள். சரியான கையால் போட்டவள் ரூத் ஒருத்திதான்.